வீட்டு மின்கம்பியும் உருகிப் பெட்டியும்

மின்சாரம் மனிதனுடைய வீட்டுக்குள் வந்த வரலாற்றைச் சொல்லப் புகுந்தோர் பெரும்பாலும் மின்குமிழிலே தொடங்கி மின்குமிழிலேயே முடித்துவிடுகின்றனர். எடிசனும் சுவானும் ஆக்கிய அந்தக் கண்ணாடிக் குமிழ் கண்ணைக் கவர்வது. ஆகவே பேரும் புகழும் அதற்கே கிடைத்தன. குமிழுக்கு மின்னோட்டத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் கம்பியோ கூரைக்குள்ளும் சுவருக்குள்ளும் மறைந்து கிடப்பது. அக்கம்பியைக் காவல் செய்யும் உருகி, அதாவது பியூஸ் என்று வழக்கிலே நாம் கூறும் பொருள், வாசலோரத்துப் பெட்டியொன்றுக்குள் ஒடுங்கியிருப்பது. விளக்கு அணைந்த இரவிலன்றி அதனை எவரும் நினைப்பதில்லை.

பழைய வீட்டைத் திருத்திப் புதிதாகக் கம்பியிட எண்ணுவோர் இன்று நம்மிடையே பலர். குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் நீர்ப்பம்பியும் வெந்நீர்க் கருவியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தபின், "இன்னுமொரு பியூஸ் பெட்டி பூட்டினால் போதாதா?" என்று அவர்கள் கேட்கின்றனர். இக்கேள்வி நம் காலத்தில் முதன்முதல் எழுந்த கேள்வியன்று. மின்சாரம் வீடுகளுக்குள் நுழைந்த நாள் முதலாக ஒவ்வொரு தலைமுறையும் அதனைக் கேட்டிருக்கின்றது. சில வேளைகளில் விடையை நெருப்பிடமிருந்தே பெற்றுமிருக்கின்றது. நான் மின்னியல் கற்றவனல்லன், வரலாறு கற்பித்தவன். ஆதலால் வரலாற்றின் வழியாகவே இக்கேள்வியை அணுக விரும்புகின்றேன்.

முதலில் உருகியின் தத்துவத்தைச் சுருக்கமாக நோக்குவோம். கம்பியினூடாக மின்னோட்டம் செல்லும்போது கம்பி வெப்பமடைகின்றது. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகின்றது. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. சிறிது சிறிதாகப் பாரம் ஏற்றுகின்றோம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கையில் கம்பியின் வெப்பம் பாய்ந்து பாய்ந்து ஏறுவது இதனாலேயே. சுவருக்குள் மறைந்த கம்பி வெப்பமுற்று மரத்தையும் ஓலையையும் பற்றவைக்கும் முன்னர், கண்ணுக்குத் தெரியும் ஓரிடத்தில், வேண்டுமென்றே மெலிதாக்கப்பட்ட ஒரு துண்டு உருகி அறுந்துவிடுமாயின் வீடு தப்பும். இதுவே உருகி. பிரான்சு நாட்டவரான பிரெகே என்பவர் 1847 ஆம் ஆண்டிலேயே, தந்தி நிலையங்களை மின்னல் தாக்காது காப்பதற்கு இவ்வாறு மெல்லிய கம்பித் துண்டைப் பயன்படுத்தலாமென்று கூறியிருந்தார். அப்போது வீட்டு மின்சாரம் என்ற பேச்சே இல்லை.

வீட்டுக்குள் மின்குமிழ் ஏற்றியவர்களுள் முன்னோடி ஒருவர் இங்கிலாந்தின் வடபகுதியில் வாழ்ந்த வில்லியம் ஆம்ஸ்ரோங். அவர் பீரங்கிகளும் பாரந்தூக்கிகளும் செய்த பெரும் பொறியியலாளர். கிராக்சைட் என்னும் அவருடைய மாளிகையில் 1880 ஆம் ஆண்டின் இறுதியில் சுவானின் குமிழ்கள் ஏற்றப்பட்டன. ஓடையொன்றின் நீர்விசையால் இயங்கிய மின்பிறப்பாக்கி மாளிகைக்கு 1500 யார் தொலைவில் இருந்தது. நூல்நிலையத்து விளக்குகள் சிலவற்றுக்குச் சுவிச்சே கிடையாது. செம்பினாற் செய்து எனாமல் பூசிய சாடியின் மேல் குமிழ் இருந்தது. சாடியின் அடிப்பாகம் இரசம் நிறைந்த கிண்ணத்துள் நின்றது. சாடியைத் தூக்கினால் விளக்கு அணையும். மீண்டும் இரசத்துள் வைத்தால் எரியும்.

இவ்விநோதத்தைக் காட்டிலும் என் மனத்தைக் கவர்ந்தது அவருடைய கணக்கு. மாளிகையில் இருந்தவை 45 விளக்குகள். பிறப்பாக்கி தாங்கக்கூடியவையோ ஒரே நேரத்தில் 37 மாத்திரம். அறைக்கு அறை விளக்கை அணைத்தும் ஏற்றியும் செல்வதால் 37 இற்கு மேல் ஒருபோதும் தமக்குத் தேவைப்படுவதில்லை என்று ஆம்ஸ்ரோங் விளக்கியிருந்தார். பூட்டியிருப்பது எத்தனை, ஒருங்கே எரிவது எத்தனை, தாங்குவது எத்தனை என்னும் மூன்று எண்களையும் வேறு வேறாக அறிந்து வைத்திருந்த வீட்டுக்காரர் அவர். இன்று கம்பியிடும் வேலைக்குத் திட்டமிடுவோர் முதலில் எழுத வேண்டியவை அம்மூன்று எண்களே.

எல்லாப் பிரபுக்களும் ஆம்ஸ்ரோங்கைப் போன்றோரல்லர். பின்னாளில் பிரித்தானியப் பிரதமரான சோல்ஸ்பரி பிரபு விஞ்ஞானத்தில் மிக்க ஆர்வமுடையவர். தம் வீட்டிலேயே ஆய்வுகூடம் வைத்திருந்தவர். ஹற்பீல்ட் என்னும் தமது பழம்பெரும் மாளிகைக்கு அவரும் மின்சாரத்தைக் கொண்டுவந்தார். கம்பிகள் நீண்ட கூடத்தின் முகட்டை ஒட்டி ஓடின. சில வேளைகளில் அவை தீப்பற்றும். அவ்வாறு பற்றிய தருணத்தில் குடும்பத்தார் இருக்கைகளிலிருந்த திண்டுகளை மேலே எறிந்து நெருப்பை அணைத்துவிட்டுத் தம் உரையாடலைத் தொடர்ந்தனர் என்று அக்குடும்ப வரலாறு கூறுகின்றது. இதனை வாசிப்போர் நகைப்பர். ஆயின் 1881 ஆம் ஆண்டின் இறுதியில் அம்மாளிகைத் தோட்டத்தில் வேலைசெய்த தொழிலாளி ஒருவர் மின்கம்பியைத் தொட்டு மாண்டுபோனார் என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும். திண்டு எறிந்தோரின் கதை மீண்டும் மீண்டும் சொல்லப்படுகின்றது; தொழிலாளியின் கதையை அறிந்தோர் சிலரே.

அத்திலாந்திக் சமுத்திரத்தின் மறுகரையிலும் நிலைமை வேறாக இருக்கவில்லை. உருகியின் பயனை எடிசன் தொடக்கத்திலேயே உணர்ந்து, 1880 ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றிருந்தார். 1882 செப்ரெம்பர் 4 ஆந் திகதி நியூயோர்க்கின் பேர்ள் வீதியில் அவருடைய மின்னிலையம் இயங்கத் தொடங்கிற்று. அதே ஆண்டில் பெருஞ் செல்வரான மோர்கன் என்பவரின் இல்லத்துக்குத் தனியாக ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. குதிரை லாயத்தின் கீழ் நிலவறை தோண்டி, அதனுள் நீராவி இயந்திரமும் பிறப்பாக்கியும் வைத்தனர். பிற்பகலில் பொறியாளர் வந்து நீராவியை எழுப்புவார். இரவு 11 மணிக்கு நிறுத்திவிடுவார். நேரத்தை மறந்து பேசிக்கொண்டிருந்த விருந்தினர் திடீரென இருளில் அகப்படுவதுண்டாம். இயந்திரத்தின் அதிர்வு பற்றி அயல்வீட்டுப் பெருமாட்டி முறையிட்டுக்கொண்டேயிருந்தார்.

ஒரு முறை மோர்கனின் நூல்நிலையத்தில் மேசை விளக்குக்குச் சென்ற கம்பியிற் கோளாறு ஏற்பட்டு மேசையும் தரைவிரிப்பும் கருகின. அடுத்த நாள் எடிசனின் துணைவராகிய ஜோன்சன் என்பார் அழைக்கப்பட்டார். எரிந்த பொருள்கள் அறையின் நடுவே குவித்து வைக்கப்பட்டிருந்தன. குற்றம் மின்சாரத்தினதன்று, இணைப்பைச் செய்தவர்களதே என்று அவர் ஒப்புக்கொண்டார். மோர்கன் மின்சாரத்தைத் துரத்திவிடவில்லை. திருத்திச் செய்யுமாறு பணித்தார். வண்டர்பில்ற் என்னும் மற்றொரு செல்வரின் வீட்டிலோ வேறு வகையாக முடிந்தது. பொன்னிழை கலந்த சுவர்த்தாளில் கம்பி பட்டுப் புகை எழுந்தது. நிலவறையில் கொதிகலன் இருக்கும் செய்தியையும் அப்போதே அறிந்த வீட்டுத் தலைவி, அனைத்தையும் கழற்றி எடுத்துச் செல்லுமாறு கூறிவிட்டார். செல்வர் வீடுகளில் இவ்வளவு துணிவாகப் பரிசோதனை நடந்ததற்குக் காரணம், எரிந்த மேசைக்குப் பதிலாக வேறொரு மேசை வாங்க அவர்களால் இயன்றதே. அவ்வசதி இல்லாதோருக்கு விதி வேண்டியிருந்தது.

விதியை முதலில் நாடியவர்கள் விஞ்ஞானிகளல்லர். தீக் காப்புறுதி நிறுவனத்தார். வீடு எரிந்தால் பணம் கொடுக்க வேண்டியவர்கள் அவர்களன்றோ! இலண்டனின் பீனிக்ஸ் தீக் காப்புறுதி நிறுவனம் 1882 ஆம் ஆண்டில் மின்விளக்கு விதிகளை வெளியிட்டது. அதே ஆண்டில் தந்திப் பொறியியலாளர் சங்கமும் 21 விதிகள் கொண்ட நான்கு பக்கச் சிறுநூலை வெளியிட்டது. அச்சங்கமே பின்னர் மின் பொறியியலாளர் நிறுவகமாயிற்று. அந்நான்கு பக்கமே பெருகிப் பெருகி இன்று பருமனான நூலாக விளங்குகின்றது. இலங்கையில் கம்பியிடும் முறைகளும் பெரும்பாலும் அப்பிரித்தானிய விதிகளைத் தழுவியனவே.

இனி, உருகிப் பெட்டி என்ற ஒன்று எவ்வாறு தோன்றிற்று என்பதைப் பார்ப்போம். தொடக்கத்தில் கம்பிகள் மரம் கிளைப்பது போல இடப்பட்டன. தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி. அதிலிருந்து இன்னும் மெல்லியது. கிளை பிரியும் இடந்தோறும் ஓர் உருகி வேண்டும். ஆகவே உருகிகள் வீடெங்கும் சிதறிக் கிடந்தன: மாடிப்படியின் கீழ் ஒன்று, கதவின் மேல் ஒன்று, விளக்குத் தொங்கும் பீங்கான் மூடியினுள் ஒன்று. ஒரு விளக்கு அணைந்தால் ஏணியுடன் வீட்டை வலம்வர வேண்டும். இத்தொல்லை தாங்காது, உருகிகள் யாவற்றையும் ஒரு பலகையிற் கூட்டி, ஒவ்வொரு கிளையையும் அப்பலகையிலிருந்தே நேராகக் கொண்டுசெல்லும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன்னர் பரவத் தொடங்கிற்று. கம்பி சற்றுக் கூடுதலாகச் செலவாயிற்று. ஆயினும் வீட்டின் மின்னமைப்பு முழுவதையும் ஓரிடத்தில் நின்று அறியக்கூடியதாயிற்று. நாம் பரம்பல் பெட்டி என்பது இதன் வழித்தோன்றலே.

ஒரு பெட்டி இரண்டானது பாதுகாப்பினாலன்று, விலையினால். பிரித்தானிய மின் கம்பனிகள் விளக்குக்கு வழங்கிய மின்சாரத்துக்கு ஒரு விலையும், வெப்பத்துக்கும் இயந்திரத்துக்கும் வழங்கியதற்கு அதனிலும் குறைந்த ஒரு விலையும் அறவிட்டன. மானி இரண்டு, ஆதலின் கம்பி இரண்டு, ஆதலின் பெட்டியும் இரண்டு. பின்னர் மின்னடுப்பு வாங்கினால் அதற்கென மூன்றாவது பெட்டி. வெந்நீர்த் தொட்டிக்கு நான்காவது. அக்காலத்துப் பிரித்தானிய வீடுகளில் மாடிப்படியின் கீழ் இருப்புப் பெட்டிகள் வரிசையாகத் தொங்கின. எது எதனைக் காக்கின்றது என்பது வீட்டுக்காரருக்கே தெரியாது. இவை யாவற்றுக்கும் வரும் கம்பியோ தெருவிலிருந்து வந்த அதே பழைய கம்பிதான்.

வறியோர் வீடுகளில் நிலைமை வேறு. இரண்டாம் உலகப் போர் தொடங்கும் வேளையில் பிரித்தானிய வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மின்சாரம் பெற்றிருந்தன. அவற்றுட் பல தவணைப் பணத்துக்குக் கம்பியிடப்பட்டவை. சில விளக்குகள், மிஞ்சினால் ஒரு குதை, அவ்வளவே. செருகியைப் பொருத்தும் துளைப் பகுதியையே குதை என்கின்றோம். மின்னழுத்தி வாங்கிய குடும்பத்தலைவி அதனை எங்கே பொருத்துவாள்? கூரையிலிருந்து தொங்கிய விளக்கின் தாங்கியில் இரட்டைப் பொருத்தியொன்றை மாட்டி, ஒரு பக்கம் குமிழும் மறுபக்கம் மின்னழுத்தியுமாக வேலை செய்தாள். விளக்குக்கென இடப்பட்ட மெல்லிய கம்பியிலே அழுத்தியின் பாரம் ஏறிற்று. அத்தாங்கியிற் புவிக்கம்பியும் இல்லை. உலோக உடலில் மின் கசிந்தால் அது செல்லும் வழி அவளுடைய கைதான். இக்காட்சி நமது ஊர்களுக்கும் அந்நியமானதன்று. சிறுவயதில் நானும் கண்டதுண்டு.

உருகி அறுந்தபோது மக்கள் செய்ததும் எங்கும் ஒன்றுதான். அமெரிக்காவில் திருகி மாட்டும் உருகிகள் வழங்கின. 15, 20, 30 அம்பியர் உருகிகள் யாவும் ஒரே துளைக்குப் பொருந்தின. 15 அறுந்தால் 30 ஐ மாட்டினர். அதுவும் கையில் இல்லையெனின் அடியில் ஒரு சத நாணயத்தை வைத்துத் திருகினர். பின்னர் பெரிய உருகி சிறிய துளைக்குப் பொருந்தாத வகை ஒன்றை ஆக்கவேண்டி வந்தது. பிரித்தானியாவிலும் இலங்கையிலும் வழங்கியது பீங்கான் பிடியிற் கம்பி கட்டும் வகை. அதன் அளவுகளைக் கேளுங்கள். 5 அம்பியருக்குரிய உருகிக் கம்பியின் விட்டம் 0.2 மில்லிமீற்றர், 15 அம்பியருக்கு 0.5, 30 அம்பியருக்கு 0.85. வீடு தப்புவதற்கும் எரிவதற்குமிடையே உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவானது. இருட்டில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கவேண்டுமென்று அவசரப்படுத்தும் வேளையில், கைக்கு அகப்பட்ட செப்பிழையைக் கட்டுகின்றவருக்கு அவ்வேறுபாடு எவ்வாறு தெரியும்? மேலும், முறைப்படி கட்டிய கம்பி கூட, தன் அளவைப்போல ஏறக்குறைய இரு மடங்கு மின்னோட்டம் சென்றாலன்றி விரைவில் அறுவதில்லை. ஆதலாலேயே இவ்வகை உருகியுள்ள சுற்றுக்குச் சற்றுத் தடித்த கம்பியிடவேண்டுமென்று விதி கூறுகின்றது.

போர் இந்த வரலாற்றில் எதிர்பாராத ஒரு திருப்பத்தை உண்டாக்கிற்று. இலட்சக்கணக்கான வீடுகள் குண்டுவீச்சினாற் சேதமுற்றன, போர் முடிந்ததும் புதிய வீடுகள் கட்டவேண்டும், செம்போ அருமையாகிவிட்டது. 1942 ஆம் ஆண்டில் இதற்கென ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் உறுப்பினருள் ஒரே பெண்மணி கரோலின் ஹாஸ்லெற் அம்மையார். 1924 ஆம் ஆண்டில் தோன்றிய பெண்கள் மின்சாரச் சங்கத்தை நடத்தியவர். சமையலறையில் நிற்கும் பெண்ணுக்கும் தவழும் குழந்தைக்கும் மின்சாரத்தால் நேரும் இடர்களை நன்கறிந்தவர். குழுவின் அறிக்கை 1944 இல் வெளிவந்தது. பழைய முறையில் ஒவ்வொரு 15 அம்பியர்க் குதைக்கும் பெட்டியிலிருந்து தனிக்கம்பியும் தனியுருகியும் வேண்டும். குழுவினர் அதற்கு மாறாக வளையச் சுற்றைப் பரிந்துரைத்தனர். ஒரு கம்பி பெட்டியிலிருந்து புறப்பட்டு, அறைகளெல்லாம் சுற்றி, பல குதைகளைத் தொட்டு, மீண்டும் அதே 30 அம்பியர் உருகியில் வந்து முடியும். மின்னோட்டம் இரு பக்கமாகவும் பாய்வதால் மெல்லிய கம்பியே போதும், செம்பு மிச்சம். ஆயின் 30 அம்பியர் உருகி சிறு விளக்கின் வடத்தைக் காக்காதே! ஆகவே செருகிக்குள்ளேயே ஒரு சிற்றுருகியை வைத்தனர். 1947 ஆம் ஆண்டின் நியமத்தில் இடம்பெற்ற 13 அம்பியர்ச் சதுரமுனைச் செருகி இவ்வாறு பிறந்தது. அதன் குதைத் துளைகளைக் கதவுகள் மூடியிருக்கும். நீண்ட புவிமுனை நுழைந்தாலன்றி அவை திறவா. குழந்தை ஆணியைக் கொண்டு துழாவினாலும் மின் எட்டாது.

இச்செருகியை நான் மெச்சுகின்றேன்; வளையச் சுற்றை அவ்வளவு மெச்சுவதற்கில்லை. வளையம் ஓரிடத்தில் அறுந்துபோனாலும் குதைகள் யாவும் முன்போலவே இயங்கும், ஒரு பக்கக் கம்பி மட்டும் முழுப்பாரத்தையும் சுமந்து சூடேறும், வீட்டார் அறியமாட்டார். செம்புப் பஞ்சத்திற் பிறந்த ஏற்பாடு அது. ஐரோப்பாவின் பிற நாடுகள் பெரும்பாலும் அதனை ஏற்கவில்லை. நமது வீடுகளில் புதிதாகக் கம்பியிடுவோர், சமையலறைக்கு ஒன்று, நீர்ப்பம்பிக்கு ஒன்று, வெந்நீர்க் கருவிக்கு ஒன்று எனத் தனித்தனிச் சுற்றுகளை நாடுவதே மேலென்பது என் எண்ணம்.

போருக்குப் பின்னர் பழைய வீடுகளுக்கு மறுபடியும் கம்பியிடும் வேலை பெருகிற்று. அதற்குக் காரணம் பாரம் மாத்திரமன்று, றப்பர். அக்காலக் கம்பிகளின் உறை கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய றப்பரால் ஆனது. கந்தகம் செம்பை அரிக்குமாதலால் செம்புக்கு ஈயம் போன்ற வெள்ளீயப் பூச்சும் இட்டனர். இங்கே நமது நாட்டுக்கும் ஒரு தொடர்புண்டு. 1876 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ பூங்காவிலிருந்து வந்த றப்பர்க் கன்றுகள் கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. இலங்கை, மலாயாத் தோட்டங்களின் றப்பர் உலகச் சந்தையை நிறைத்த காலத்திலேதான் ஐரோப்பிய வீடுகளில் மின்கம்பியும் பரவிற்று. ஆயின் றப்பர் நித்தியமானதன்று. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில், வெப்பத்தினால் விரைவாகவும், அது காய்ந்து நொறுங்குகின்றது. தொடாதவரை கம்பியின் மேல் ஒட்டியிருக்கும். புதிய விளக்கொன்றைப் பூட்டுவதற்காகக் கம்பியை வளைத்தால் பொடிப்பொடியாக உதிரும். பழைய கம்பியோடு புதிய பெட்டியை இணைக்கச் சென்றவர்கள் கண்டு திகைத்தது இதனையே. ஆதலால் பழைய இணைப்பைத் தொடவேண்டுமாயின் முழுவதையும் மாற்றுவதே முறை என்னும் கொள்கை வேரூன்றிற்று. 1950, 1960 ஆம் ஆண்டுகளில் பீ.வீ.சீ. உறையிட்ட கம்பிகள் றப்பரின் இடத்தைப் பிடித்தன.

இலங்கையில் மின்விளக்கு கொழும்புக் கோட்டையில் 1895 ஆம் ஆண்டில் ஒளிரத் தொடங்கிற்று. விமலசுரேந்திரா 1918 ஆம் ஆண்டில் எடுத்துரைத்த நீர்மின் திட்டம் 1950 ஆம் ஆண்டில் லக்சபானாவிற் பலித்தது. 1969 நவம்பர் 1 ஆந் திகதி இலங்கை மின்சார சபை நிறுவப்பட்டது. கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரம் அதற்கும் நெடுங்காலத்தின் பின்னரே வந்தது. பிரித்தானியாவின் பழைய வட்டமுனைச் செருகிகளும், 5 அம்பியர், 15 அம்பியர் என்னும் பிரிவும் நம்மிடம் நெடுநாள் நிலைத்தன. சதுரமுனைச் செருகியே இனி நியமம் என்று இந்நாடு தீர்மானித்தது இந்த நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டிலேயே. வடபகுதிக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1990 ஆம் ஆண்டின் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து பல ஆண்டுகள் துண்டிக்கப்பட்டிருந்தது. மனிதர் விட்டுச் சென்ற வீடுகளின் கூரைக்குள் அணிலும் எலியும் குடிபுகுந்து கம்பியுறைகளைக் கொறித்தன. மீண்டு வந்தோர் பலர் பழைய சுவிச்சைத் தட்டிப் பார்த்து, விளக்கு எரிவது கண்டு மகிழ்ந்து, அத்துடன் திருப்தியடைந்தனர். விளக்கு எரிவது கம்பியின் நலத்துக்குச் சான்றாகாது.

இப்போது தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு வருவோம். நம் வீடுகளுக்குச் சாதாரணமாகக் கிடைப்பது 230 வோல்ற்றில் 30 அம்பியர் இணைப்பு. பெருக்கிப் பார்த்தால் 6900 வாற்று. உடனடியாக நீரைச் சூடாக்கும் குளியற் கருவி 3500 வாற்றாயின் அது மட்டும் 15 அம்பியருக்குச் சற்று மேல். மின்கேத்தல் 2000 வாற்று. ஏறக்குறைய 9 அம்பியர். மின்னழுத்தி 1000 வாற்று; 4 அம்பியருக்கு மேல். பாடசாலைக்குப் புறப்படும் காலை வேளையில் இம்மூன்றும் ஒருங்கே இயங்கினால் 28 அம்பியரைத் தாண்டிவிடும். அவ்வேளை கிணற்றடியில் நீர்ப்பம்பியைப் போட்டால் என்னாகும்? சுவரில் எத்தனை பெட்டி தொங்கினாலும் தெருவிலிருந்து வரும் 30, 30 ஆகவே இருக்கும். இரண்டாவது பெட்டி மின்சாரத்தைக் கூட்டுவதில்லை. பகிர்வதற்கு வசதி செய்கின்றது. கணக்கு மிஞ்சுமாயின் முதலில் மின் வழங்குவோரிடம் பெரிய இணைப்புக்கு விண்ணப்பித்தல் வேண்டும். மறுபுறம், பழைய 60 வாற்றுக் குமிழ்கள் பன்னிரண்டு 720 வாற்றை உண்டன. இக்காலத்து 9 வாற்றுக் குமிழ்கள் பன்னிரண்டுக்கு 108 வாற்றே போதும். விளக்குக்காகக் கம்பி மாற்றவேண்டிய காலம் போய்விட்டது. மாற்றவேண்டியிருப்பது வெப்பத்தின் பொருட்டே.

இரண்டாவது பெட்டி பொருத்தமாகும் இடங்களும் உண்டு. முன்வாசலில் மானியும் பின்புறத்தில் சமையலறையுமாக நீண்டு கிடக்கும் நமது பழைய நாற்சார் வீடுகளில், பத்துச் சுற்றுகளையும் முற்றங் கடந்து தனித்தனியே இழுப்பதைவிட, தடித்த ஒரு கம்பியைப் பின்கட்டுக்குக் கொண்டுசென்று அங்கே ஒரு பெட்டி வைத்துப் பிரிப்பது சிக்கனமானது. ஆயின் அத்தடித்த கம்பிக்கு முதற்பெட்டியிலேயே அதற்குரிய காவல் இருக்கவேண்டும். பின்கட்டுப் பெட்டியின் பாரம் முழுவதையும் தாங்கும் பருமனும் வேண்டும். கடைக்காரர் 7/0.67 என்று கூறும் கம்பியில் 0.67 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஏழு இழைகள் இருக்கின்றன. அதன் வெட்டுமுகம் ஏறக்குறைய 2.5 சதுர மில்லிமீற்றர். சாதாரணக் குதைச் சுற்றுக்கு அது ஏற்றது. ஒரு பெட்டி முழுவதற்கும் உணவூட்ட அது போதாது. புவிக்கம்பியும் உடன் செல்லவேண்டும்.

பழைய வீடுகளில் இன்னுமொரு பொறி மறைந்திருப்பதுண்டு. முற்காலத்தில் உயிர்க்கம்பிக்கும் நொதுமற்கம்பிக்கும், அதாவது மின்னைக் கொண்டுவரும் கம்பிக்கும் திரும்பிச் செல்லும் கம்பிக்கும், ஒவ்வோர் உருகி வைத்தனர். எக்கம்பி எதுவென்று உறுதியில்லாத நேரோட்டக் காலத்தில் அது நியாயமே. இன்றோ, நொதுமல் உருகி அறுந்தால் விளக்கு அணைந்திருக்கும், கம்பியில் உயிர் இருக்கும். அணைந்துவிட்டதென்று நம்பித் தொடுபவர் அபாயத்துக்குள்ளாவார். கம்பி நிறங்களும் மாறியுள்ளன. பழைய முறையில் சிவப்பு உயிர், கறுப்பு நொதுமல். பிரித்தானியா 2004 ஆம் ஆண்டில் நிலையான கம்பிகளுக்கும் மண்ணிறத்தையும் நீலத்தையும் ஏற்றது. பழையதும் புதியதும் சந்திக்கும் வீட்டில் நிறத்தை மாத்திரம் நம்பி வேலை செய்யலாகாது.

உருகி கம்பியைக் காப்பது, மனிதனைக் காப்பதன்று. இதனை அறியாதார் பலர். ஒரு மனிதனுடைய உயிரைப் போக்க ஓர் அம்பியரின் பத்தில் ஒரு பங்கே போதும். 5 அம்பியர் உருகி அதனைக் கவனிப்பதேயில்லை. உருகிக்குப் பதிலாகத் தானே விழும் சுற்றுடைப்பான் 1924 ஆம் ஆண்டளவில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஸ்ரொட்ஸ் என்பவரின் தொழிற்சாலையில் உருவாகிற்று. அதுவும் கம்பியின் காவலனே. மனிதனுக்கான காவலன் வந்தது 1950 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், ஒஸ்திரியாவில் பீகல்மயர் போன்றோரின் முயற்சியால். 1961 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் டால்சீல் அதனை இன்னும் கூர்மையாக்கினார். சென்ற மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமா என்று அது ஓயாது ஒப்பிடுகின்றது. 30 மில்லியம்பியர் குறைந்தாலும், எங்கோ யாரோ ஒருவரின் உடலூடாகக் கசிகின்றதெனக் கொண்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பை அறுத்துவிடுகின்றது. நம்மவர் ட்ரிப் சுவிச் என்பது இதனையே. இரண்டு பெட்டிகள் உள்ள வீட்டில் ஒரு பெட்டியின் நொதுமற்கம்பியை மற்றப் பெட்டியின் நொதுமலோடு கலந்துவிட்டால் இக்கருவி காரணமின்றி விழுந்துகொண்டேயிருக்கும். அப்போது சிலர் அதனைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே இணைக்கின்றனர். இது அமெரிக்கர் உருகியின் அடியில் நாணயம் வைத்ததற்கு ஒப்பான செயலே. கலந்த கம்பியைத் தேடிப் பிரிப்பதற்கு அனுபவமுள்ள மின்னியலாளருக்கு அதிக நேரம் செல்லாது.

வேலை தொடங்குமுன் வீட்டார் செய்யக்கூடியது ஒன்றுண்டு. வீட்டின் தரைப்படத்தை ஒரு தாளில் வரைந்து, எந்த அறையில் எந்தக் கருவி, அதன் வாற்று எவ்வளவு, நாளின் எவ்வேளையில் இயங்குவது என்று குறித்துக்கொள்ளலாம். சுற்றுகளைப் பிரிப்பதும் கம்பியின் பருமனைத் தீர்மானிப்பதும் தகுதிபெற்ற மின்னியலாளரின் வேலை. அத்தாள் அவர் கையிலிருந்தால் அவர் ஊகிக்க வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் காவலியின் தடையும் புவித்தொடுப்பும் சோதிக்கப்பட்ட பெறுபேற்றை எழுத்திற் பெறவேண்டும். எந்தச் சுற்று எதற்கென்று எழுதிய ஒரு பிரதியை ஒவ்வொரு பெட்டியின் கதவின் உட்புறத்திலும் ஒட்டிவிட வேண்டும். பின்கட்டுப் பெட்டியிலே, அதனை முற்றாக நிறுத்தும் ஆளி முன்வாசலில் இருக்கின்றதென்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.